ஒற்றை நூலில் நாற்பது சரம்

'தெரியாது' என்று சொல்லத் தெரியாததால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதில் முதலிடம் அந்தப் பாசிமணித் திரைக்குத்தான். நினைத்தாலே இன்றும் அலுப்பாக இருக்கிறது.

யுத்த காலம். கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் நாத்தனார் மாதம்மாவைப் பெண் பார்க்க அரூரிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்ததால் இதையாவது முடித்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் முனைந்து நின்றார்கள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி பெண்ணின் கைவேலை ஒன்றை மாட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாதம்மாவுக்குக் களை வெட்டத் தெரியும், ஏர்கூடப் பிடிப்பாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் வராது.

"உனக்கு மணி வேலை வருமா?" என்று கேட்டார் மாமியார்.

"வருங்க அத்தை."

(வராது. பிறந்த ஊரில் பக்கத்து வீட்டுப் பெண் கோத்ததை வேடிக்கை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.)

கூடத்து வாசலுக்கு நாற்பது சரம் தொங்கும் திரை என்று முடிவானது. மணி இருந்தது. நூலுக்குத்தான் பஞ்சம், அரிசி முதல் நூல் வரை எல்லாம் சர்க்கார் கன்ட்ரோல். அலைந்து திரிந்து கிடைத்த ஒரே நூல்கண்டும் பிசிர் பிசிராக இருந்தது, மணிக்குள் நுழைய மாட்டேன் என்றது. தறிக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவதைப் பார்த்த பேரறிவு எனக்கு இருந்ததே! அரிசிக்கு எங்கே போவது? ராகிக் கஞ்சியைக் காய்ச்சிப் பூசிக் காயவைத்தேன். நூல் கம்பி மாதிரி நின்றது. ஊசியே தேவைப்படவில்லை.

அடுத்தது வெட்டுவது. சரத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, முடிச்சுப் போட இரண்டு பக்கமும் நாலு விரல் விட வேண்டும். நாற்பது சரத்துக்கும் அப்படி விட்டால் நூல் பற்றாது. அதனால் வெட்டவே இல்லை. ஒரு சரம் கோத்துக் கீழே வளைத்து, அதையே அடுத்த சரமாக மேலேற்றி, மூங்கில் கழி மேல் போட்டு, மறுபடி கீழே இறக்கி... நாற்பதுக்கும் ஒரே நூல். முடிச்சு மொத்தம் இரண்டுதான். (என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சுவார்கள்?)

அவர்கள் வருவதற்கு முதல் நாளே திரையை மாட்டிவிட்டோம். ராகி வாசனை எங்கள் வீட்டு எலிகளை எப்படி இழுக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று திரையை ரசித்தார். "எங்க மாதம்மா கைவேலைங்க," என்றார் மாமியார், முகமெல்லாம் பல்லாக. அந்த அம்மாள் ஒரு சரத்தைத் தொட்டு விலக்கினார்.

எலி பாதி கடித்து வைத்திருந்த நூல் அறுந்தது. ஒரே நூல் அல்லவா, நாற்பது சரமும் சொல்லிவைத்தாற்போல உருவிக்கொண்டு இறங்கின. கூடமெங்கும் மணி. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதில் சறுக்கி வெற்றிலைத் தட்டின் மேல் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். எனக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது. மூன்றாவது இடத்தையும் நானே கெடுத்துவிட்டேன்!

மாமியார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மருமக செஞ்சதுங்க!" என்று என்னைக் கை காட்டினார்.

அந்த அம்மாள் குனிந்து ஒரு துண்டு நூலை எடுத்து மோந்து பார்த்தார். "ராகிக் கஞ்சியா போட்டீங்க?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"இதப் பொண்ணு செய்யலைன்னா எங்களுக்குச் சம்மதமுங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கூடத்துச் சந்துபொந்துகளிலிருந்து நான் மணி பொறுக்கியதும் வருஷக்கணக்கில் நடந்தது. மாதம்மாவுக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இருந்தும் அரூரில் அவள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும் சரி, பேரன் பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரி, யாராவது வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொள்கிறாள்.

"என்னக் கேக்காதீங்க. அது எங்கண்ணி செஞ்சது!"