காலமான துரைசாமிக்குப் போட்ட முதல் ஊசி

சாங்வி, புணே
20 ஜனவரி 2022

மதிப்பிற்குரிய மச்சான் திரு. பாலசுப்ரமணியன் அவர்களின் சமூகத்திற்கு, பாஸ்கர் வணக்கம் கூறி எழுதுவது. இங்கே நானும் சியாமளாவும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் மணப்பெண் ஸ்ரீரஞ்சனியும் கல்யாண வேலைகளுக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை முதல் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டீர்கள். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் நான் புணேவுக்கு வேலைக்குக் கிளம்பியபோது, "ஒரு வருசத்துல திரும்பி வந்துருவான் பாருங்க" என்று தாங்கள் பத்துப் பேர் நடுவில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதையே பொறுத்தவன் இதையும் பொறுப்பேன். ஆனால் வருகிற வியாழக்கிழமை ஸ்ரீரஞ்சனி கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் நான். அந்த இடத்தில் என் சித்தப்பா மகன் சபரியை நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவனே சொன்னான். கூடப் பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது சித்தப்பா மகன் பட்டம் கட்டினால் சபையில் என்ன பேசுவார்கள் என்பதைத் தாங்கள் யோசிக்கவில்லை. தாங்கள் கோபப்பட்டது அந்தப் புகைப்படத்தைப் பார்த்து. மராத்திப் பத்திரிகையில் வந்த அந்தப் படத்தில், கட்டாயத் தடுப்பூசியை எதிர்க்கும் கூட்டத்தின் நடுவில், "துரைசாமிக்கு நீதி வழங்கு" என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்பது நான்தான். மறுக்கவில்லை. அந்தத் துரைசாமி தங்கள் மாமனார், என் தகப்பனார்தான். அதையும் மறுக்கவில்லை. எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன ஏப்ரலில் முதல் ஊசி போட்டுக்கொள்ள மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனேன். லைசென்ஸைக் காட்டினேன். அதில் டி. பாஸ்கர் என்று இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மாள் "ஆட்நாவ் காய்?" என்று கேட்டார். குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். இந்த ஊரில் செருப்பு இல்லாமல் வந்தவனைக்கூட உள்ளே விடுவார்கள், குடும்பப் பெயர் இல்லாமல் வந்தவனை விடமாட்டார்கள். "மக ஹா டி மஞ்ஜே?" அந்த டி யார் என்று கேட்டார். அப்பா, துரைசாமி என்றேன். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவர் துரைசாமி என்பதைப் பெயராகவும் பாஸ்கர் என்பதைக் குடும்பப் பெயராகவும் தட்டிவிட்டு என்னை உள்ளே அனுப்பினார். ஜூலையில் இரண்டாவது ஊசியை எங்கள் கம்பெனியிலேயே ஆதார் அட்டையைப் பார்த்துப் போட்டார்கள். ஆதாரில் நான் வெறும் பாஸ்கர். ஆக, அரசாங்கத்தின் கணக்கில் துரைசாமி பாஸ்கர் என்ற ஒருவருக்கு ஒரு ஊசி, பாஸ்கர் என்ற இன்னொருவருக்கு ஒரு ஊசி. இரண்டும் ஏறியது என் ஒரே தோளில். அடுத்த வாரத்திலிருந்தே "அன்புள்ள துரைசாமி, உங்கள் இரண்டாம் தவணை நிலுவையில் உள்ளது" என்று என் போனுக்குச் செய்தி வர ஆரம்பித்தது. அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது அவரை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை. ஊசி போட்டது எனக்குத் தெரியும், சான்றிதழ் எதற்கு என்று நான் அதை விட்டுவிட்டேன். அது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு டிசம்பரில் நடந்தது. எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் வைஷாலி என்று ஒரு பெண்மணி இருக்கிறார். சியாமளா மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டதற்கு சொசைட்டி என்கிற குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தவர். அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை, கட்டாயப்படுத்துவது தவறு என்றும் பேசி வந்தார். நான் புள்ளியியலில் முதுகலை. ஊசி நல்லது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் சொசைட்டிப் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, இரண்டு தவணைச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு லிஃப்டும் சொசைட்டி ஹாலும் கிடையாது என்று தீர்மானம் கொண்டுவந்தபோது என் மனதில் புள்ளியியலைவிட வடகம்தான் அதிகம் இருந்தது என்பதைத் தங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்ப்பவர்கள் எல்லோரும் கூட்டத்தைப் புறக்கணித்து வெளியே நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் வாட்ச்மேன் ராம்தாஸ் கையை நீட்டினார். போனைக் காட்டினேன். "காகா, ஏக்கச் டோஸ்" என்றார். ஒரே டோஸ்தான் இருக்கிறதாம். இன்னொரு சான்றிதழையும் காட்டினேன். அது வேறு ஆள் என்றார். சொசைட்டி சேர்மன் ஜோக்லேகரைக் கூப்பிட்டேன். ரிடையராகும்வரை அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவர், இரண்டு சான்றிதழ்களையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் பாஸ்கர், ஒன் பிளஸ் ஒன் டூதான். ஆனால் ஒரே ஆளாக இருந்தால்தான்" என்றார். தீர்மானத்தில் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன் என்றேன். தாராளமாகக் கொண்டுவாருங்கள் என்று கூட்டம் கூட்டினார். கூட்டம் ஹாலில். எனக்கு ஹாலுக்குள் அனுமதி இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பேசினேன். உள்ளே மின்விசிறிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். நான் குடியிருப்பது ஏழாவது மாடி. சியாமளாவிடம் போய்ப் பொரிந்தபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே, "ஏனுங்க, நீங்க போட்ட ரூல்தானுங்களே? படியில ஏறுங்க, சர்க்கரைக்கும் நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றாள். அவளுடைய சான்றிதழ் சரியாக இருந்தது. அவள் லிஃப்டில் போய் எனக்கு முன்னால் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

படியில் ஏறுகிறவர்கள் நானும் வைஷாலி அம்மாளும் இன்னும் நாலைந்து பேரும்தான். இரண்டு வாரம் பேசாமல் ஏறினோம். ஒருநாள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டேன். சின்ன வயதில் ஏதோ ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், அந்தப் பயமாம். டாக்டரிடம் கேட்கலாமே என்றேன். "கேட்டிருப்பேன் பாஸ்கர்ஜி. நீங்க ஏன்னு கேட்டிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேன். தீர்மானம் போட்டீங்க, அதான் மோர்ச்சா, ஊர்வலம்னு போறேன்" என்றார் இந்தியில். லிஃப்டை நிறுத்தினால் ஊசி போட்டுக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. ஒரு மாதத்தில் ஒருவரும் புதிதாகப் போட்டுக்கொள்ளவில்லை. படி ஏறக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் தவறாகப் போட்ட கணக்குகளில் இதுவும் ஒன்று என்று தோன்றியது. ஆனால் அதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. வடகம் விஷயம் இன்னும் தீரவில்லை.

ஜனவரி முதல் வாரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீடு வீடாக வந்து, இரண்டாம் ஊசி பாக்கி உள்ளவர்களைத் தேடினார். என் வாசலில் நின்று பட்டியலைப் பார்த்து, "துரைசாமி சாஹேப் குடே ஆஹேத்?" என்றார். துரைசாமி ஐயா எங்கே என்று என் அப்பாவை என் வாசலில் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது? அப்போதுதான் ஏழு மாடி ஏறி வந்திருந்தேன். "வார்லே" என்றேன். காலமாகிவிட்டார் என்று அர்த்தம். "அரே தேவா!" என்று மார்பில் கை வைத்தார். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் கீழே போகும்போது மூன்றாம் மாடியில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அன்று மாலையிலிருந்து வைஷாலி அம்மாள் என்னைப் படியில் பார்த்தால் ஒதுங்கி நின்று கைகூப்ப ஆரம்பித்தார். வடகத்துக்காக வருந்துகிறார் போலிருக்கிறது என்று நானும் பெரிய மனது பண்ணித் தலையசைத்துவிட்டுப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் தேதி காலை, கீழே பெருஞ்சத்தம். எங்கள் கேட்டுக்கு வெளியே ஐம்பது பேர், அக்கம்பக்கத்து சொசைட்டிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். கட்டாயம் கூடாது, உடம்பு எங்களுடையது என்று அட்டைகள். கேட்டுக்கு உள்ளே ஜோக்லேகர் தலைமையில் எதிர்க்கோஷம். ஏழாவது மாடியிலிருந்து பார்த்தபோது ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் அப்பாவின் பெயர் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா பெயர்தான். முதல் ஊசி போட்டதும் இறந்துபோன துரைசாமிக்கு நீதி வேண்டுமாம். படிக்கட்டில் ஓடினேன் மச்சான். ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஓடக் கூடாது. நேரே போய் அந்த அட்டையை வைஷாலி அம்மாளின் கணவர் கையிலிருந்து பிடுங்கினேன். "இவர் 2011ல் மாரடைப்பில் செத்தார், கோயமுத்தூரில்!" என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டேன். கூட்டம் நான் துக்கம் தாளாமல் கதறுகிறேன் என்று நினைத்துக் கைதட்டியது. அந்த நொடியில்தான் படம் எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் படத்துக்குக் கீழே "தந்தையை இழந்த மகன்" என்று போட்டிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. பதினோரு வருடம் தாமதம், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டவன் சபரி. இதே புணேயில், கராடியில் பெரிய ஐ.டி. கம்பெனியில் இருக்கிறவனுக்குத் திங்கட்கிழமை காலையில் வேறு வேலை இல்லை. "அண்ணன் பேப்பரில்" என்று எழுதி, கைதட்டும் பொம்மை வேறு. பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள். "ஏன்டா பாஸ்கரு, அப்பா பேரை அட்டையில எழுதி ரோட்டுல பிடிச்சுட்டு நிக்கிறயாமா? ஊசி போட்டுட்டேன்னு எங்கிட்டப் பொய் சொன்னயா? உங்க மச்சான் கல்யாணப் பத்திரிகையில என்ன அச்சடிச்சாருன்னு தெரியுமில்ல?" என்று அழுதாள். தெரியும். இரண்டு தவணை போட்டவர்கள் மட்டும் நேரில் வரவும், மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தவும் என்று அழைப்பிதழின் அடியில் இருக்கிறது. நூறு பேருக்கு மேல் கூடாது என்கிற காலத்தில் அது நியாயமும்கூட. பின்னால் தாங்கள் "போனை வை" என்று சொன்னதும் கேட்டது.

வார்டு ஆபீஸுக்குப் போனேன். இரண்டு பதிவையும் ஒன்றாக்கலாம், ஆனால் துரைசாமி வேறு ஆள் இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அப்பா இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தால் போதும், 2011ல் இறந்தவர் 2021ல் ஊசி போட்டிருக்க முடியாது என்று எழுதிக்கொள்வோம் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. மராட்டியத்தில் இருபத்து நான்கு வருடத்தில் நான் சந்தித்த ஒரே தர்க்கவாதி அவர்தான். அந்தச் சான்றிதழ் பட்டா மாற்றலுக்காக வாங்கிப்போனவன் சபரி. இன்றுவரை திருப்பித் தரவில்லை. அவனையே கேட்க வேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டு, கராடியிலிருந்து பைக்கில் வந்து, நான் லிஃப்டில் போக முடியாது என்று தெரிந்ததும் அவனும் என்னோடு ஏழு மாடி நடந்தே ஏறினான். "அண்ணா, படம் நல்லா இருந்துச்சுங்ணா, அதான் போட்டேன். மச்சான் இப்பிடி எடுத்துக்குவாருன்னு தெரியலீங்ணா. பட்டம் கட்டச் சொல்றாருங்ணா, நா என்ன பண்ணட்டும்?" என்றான். அவன்மேல் எனக்குள்ள கோபத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறேன். மீதி அப்படியே இருக்கிறது.

நேற்று மதியம் ஒரே பெயரில், இரண்டு தவணையும் சேர்ந்து, சான்றிதழ் வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன், பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சீர்ப் பட்டுச்சேலையும் பட்டமும் சியாமளா பெட்டியில் வைத்துவிட்டாள். ஆகவே சபரியை நிற்கச் சொன்னதை ரத்து செய்து, தாய்மாமன் என்ற முறையில் எனக்குரிய இடத்தை எனக்கே தர வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரிவித்தால் ஏற்றுக்கொள்வேன்.

அக்காவுக்கு என் அன்பு. ஸ்ரீரஞ்சனியும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ என் ஆசிகள்.

தங்கள் மைத்துனன்,
து. பாஸ்கர்

பி.கு. (21ஆம் தேதி, வெள்ளி): மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். நேற்று இரவு சுரம், காலையில் காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. சோதித்ததில் எனக்குக் கொரோனா இருக்கிறது. ஜோக்லேகருக்கும் இருக்கிறது, வைஷாலி அம்மாள் வீட்டிலும் இரண்டு பேருக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டுத்தான் கத்தினோம். அதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஊசியின் புண்ணியத்தில் சுரம் லேசானதுதான், அக்காவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏழு நாள் வெளியே வரக் கூடாது. வெளியே வருவது வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் வியாழக்கிழமை. சபரியும் சோதித்துக்கொண்டான், அவனுக்கு ஒன்றும் இல்லை. இதிலும் அவனுக்குத்தான் யோகம். எங்கள் இருவர் டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். சீரையும் இந்தக் கடிதத்தையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன், பிரிக்கமாட்டான், அந்த ஒரு விஷயத்தில் அவனை நம்பலாம். அவனையே நிற்க வையுங்கள் மச்சான். ஒன்று மட்டும். ஸ்ரீரஞ்சனிக்குக் காதுக்கு மேலே கொஞ்சம் இறுக்கினாலும் தலைவலி வந்துவிடும், சின்ன வயதில் ரிப்பன் கட்டினாலே அழுவாள். இப்போது பெரியவளாகிவிட்டாள், சபையில் வாய் திறந்து சொல்லமாட்டாள். பட்டத்தைத் தளர்த்திக் கட்டச் சொல்லி சபரியிடம் தாங்களே சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.