கூத்தன்தாங்கலின் மக்கள் கயிறு

மக்களாட்சி மக்கள் கையில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். கையில் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஒருவர்தான்: கூத்தன்தாங்கல் ஊராட்சி மன்றத் தலைவர் வனமாமலை. அது நாற்பதடி நைலான் கயிறு. மஞ்சள் நிறம்.

பென்னலூரைத் தாண்டி, கம்பெனிச் சுவர்கள் முடிந்து, வயல் தொடங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில் இருக்கிறது கூத்தன்தாங்கல். தலைவர் கயிற்றுக்குப் புதியவர் அல்ல. பதவிக்கு வந்த நாளாய் அவர் திரை இழுத்துத் திறக்காத கல்வெட்டு ஊரில் கிடையாது. குடிநீர்த் தொட்டி, நிழற்குடை, குடிநீர்த் தொட்டிக்குப் பெயின்ட், நிழற்குடைக்குப் பெயின்ட். எந்த விரலால் கயிற்றைப் பிடித்தால் போட்டோவில் மோதிரம் விழும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவரை ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி மரம் நட அழைத்தது. நட்டார். போட்டோ முடிந்ததும் உள்ளே சுற்றிக் காட்டினார்கள். பாகங்கள் நகர்ந்துவர, ஆட்கள் வரிசையாக நின்று பூட்டுகிற லைன் நெடுகிலும் ஒரு மஞ்சள் கயிறு. வேலையில் இருந்த ஒரு பெண் அதைப் பிடித்து இழுத்தாள். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுமே, அந்த மாதிரி ஒரு பாட்டு. சூப்பர்வைசர் ஓடிவந்தார். மேனேஜரும் ஓடினார். இருவரும் அவளிடம் "தேங்க்ஸ்மா" என்றார்கள்.

தலைவருக்கு மெய்சிலிர்த்தது.

"இத்த இழுத்தா எல்லாரும் ஓடியாருவாங்களா?"

"ஆமா சார். யார் வேணா இழுக்கலாம்" என்றார் மேனேஜர்.

"வெளக்கு எரியும், பாட்டு பாடும், தேங்க்ஸ் சொல்லுவாங்க?"

"ஆமா சார். அதுக்கப்புறம்..."

அதற்கப்புறம் என்ன என்று கேட்கிற வழக்கம் தலைவருக்கு இல்லை. "எங்க ஊரு கிராம சபைக்கு இதே மாரி ஒண்ணு வோணும்!" என்றார்.

கம்பெனி மகிழ்ச்சியோடு கொடுத்தது. மாட்ட வந்தவன் அந்தோணிராஜ். அந்தக் கம்பெனியில் மெயின்டனன்ஸ், கூத்தன்தாங்கல்காரன்தான்.

"தலைவரே, கம்பெனில கீற மாரியே மாட்டிரட்டா?"

"அதே மாரி! ஒரு ஸ்க்ரூ மாறக் கூடாது!"

ஊராட்சியின் வரலாற்றில் தலைவரின் உத்தரவு ஒன்று சொன்னது சொன்னபடியே நிறைவேறியது அன்றுதான்.

இனி, ஊரின் 'சிறு குறை' ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் நுழையும் இடத்தில், ஏரியின் உபரிநீர் போகிற கால்வாய்மேல் ஒரு சிறுபாலம் இருந்தது. போன மழைக்கு அது உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தின்மேல் பலகை போட்டார்கள். கம்பெனி பஸ் பலகைமேல் வராதே? செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ஹைவேயில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளை ஒட்டி நடந்து, பலகைமேல் ஊருக்குள் வந்தார்கள். ஒருநாள் மெர்சி வழுக்கி விழுந்து கால் முறிந்தது. கான்ட்ராக்ட் வேலை, அன்றோடு போச்சு. அவளுக்குப் பின்னால் அதே பலகையில் வந்தவள் சசிரேகா. இன்றும் அவள் அதே பலகையில்தான் வருகிறாள்.

தலைவர் ஆஸ்பத்திரிக்கே போய் ஆப்பிள் கொடுத்தார். "பொங்கலுக்குள்ள பாலம். நான் சொன்னா சொன்னதுதான்" என்றார். பொங்கல் வந்தது. போனது. அவர் சொன்னது சொன்னதாகவே இருந்தது.

மே தினக் கிராம சபை கூடியது. கம்பெனிகளுக்கு லீவு, கயிற்றைப் பார்க்க ஊரே திரண்டது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. சசிரேகாவுக்கு அப்படி இல்லை. அன்றைய தீர்மானங்களில் ஒன்று, 'சிறுபாலப் பணி நிறைவுற்றதைச் சபை ஏற்கிறது' என்பது. சபை ஏற்றால் பாலம் காகிதத்தில் எழும்பிவிடும். காகிதத்தில் இருக்கிற பாலத்தைப் பூமியில் இன்னொரு முறை கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

தலைவர் மோதிர விரலால் கயிற்றை இழுத்து 'மக்கள் கயிற்றை' மக்களுக்கு அர்ப்பணித்தார். விளக்கு எரிந்தது. பாட்டு பாடியது. கைதட்டல். தலைவர் மைக்கைப் பிடித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"டேய் அந்தோணி! மைக்கு இன்னாடா ஆச்சு?"

"லைன் நின்னுகீது தலைவரே. கம்பெனில கயிறு இழுத்தா வேலை லைன் நிக்கும், இங்க மைக் லைன் நிக்கும். அதே மாரி மாட்டச் சொன்னீங்களே."

"ஓட்றா லைனை!"

"இழுத்தவங்க இன்னா தப்புன்னு சொல்லணும். அது சரியானாத்தான் ஓடும்."

"நான்தான்டா இழுத்தேன்!"

"அப்ப நீங்கதான் சொல்லணும். இங்க இன்னா தப்பு?"

தலைவர் யோசித்தார். இத்தனை ஆண்டுப் பொது வாழ்வில் இந்தக் கேள்வியை அவர் தன்னிடம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. "ஒண்ணும் இல்ல" என்றார். அந்தோணிராஜ் ஒரு பட்டனை அமுக்கினான். மைக் உயிர் பெற்றது.

ஊராட்சிச் செயலர் திருமலை தீர்மானங்களைப் படிக்கத் தொடங்கினார். அவர் படிப்பதை முற்றுப்புள்ளிகூடப் பின்தொடர முடியாது. "சிறுபாலப்பணிநிறைவுற்றதைச்சபைஏகமனதாக..."

பாட்டு.

கயிற்றின் கோடியில் சசிரேகா நின்றிருந்தாள்.

"ஏம்மே, விளையாட்டா கீதா உனக்கு?" என்று பாய்ந்தார் தலைவர்.

"தலைவரே, திட்டக் கூடாது" என்றான் அந்தோணிராஜ். "இழுத்தவங்களுக்கு மொதல்ல தேங்க்ஸ் சொல்லணும். ரூல்."

கூட்டத்தைக் கவனித்து எழுத ஒன்றிய அலுவலகம் அனுப்பியிருந்த பற்றாளர் சிவசங்கர் பேனாவைத் திறந்தார். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றார்.

"பரவால்ல தலைவரே. பாலம் முடிஞ்சுபோச்சுன்னு படிச்சாரு. அதான் இழுத்தேன்."

"சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கும்மா. அதுக்குப் போயி கூட்டத்தை நிறுத்துவியா?"

"எவனோ வாங்கப் போற கார்ல மயிரளவு கீறல் விழுந்தா, நாங்க லைனையே நிறுத்துறோம். எங்க மெர்சி காலு ரெண்டா ஒடைஞ்சுது. அதுக்கு இந்த ஊர்ல எது நின்னுது, சொல்லுங்க?"

மைக் இல்லாமலே அது கடைசி வரிசைவரை கேட்டது.

"சரி, தேங்க்ஸ் சொல்லியாச்சு. ஓட்றா அந்தோணி."

"இன்னும் இல்ல தலைவரே. தேங்க்ஸுக்கு அப்பறம் எல்லாரும் ஸ்பாட்டுக்குப் போயி கண்ணால பாக்கணும். ரூல்."

அன்று மேனேஜர் சொல்லவந்த 'அதுக்கப்புறம்' எது என்று தலைவருக்கு அப்போதுதான் புரிந்தது.

சபை எழுந்து நடந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று சிவசங்கர் கேட்டார்: "பாலம் எங்கங்க?"

"தண்ணிக்குள்ள கீது சார்" என்றார் திருமலை.

"தண்ணி எங்க?"

"வெயிலுக்கு வத்திப்போச்சு சார்."

"ஐயய்யோ, பாலமும் சேந்து வத்திக்கிச்சா!" என்றாள் கூட்டத்திலிருந்த கோவிந்தம்மா.

"தலைவரே, பலகைமேல நடந்து காட்டுங்க. சின்ன வேலைதானே பாக்கி?" என்றாள் சசிரேகா.

நடந்தார். ஒரு தலைவர் பின்வாங்கலாமா? பாதி வழியில் பலகை ஊஞ்சல்போல ஆடியது. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் ஆகாயம். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. அந்த நிலையில்தான் அவருடைய பொது வாழ்வின் மிக உண்மையான உரை பிறந்தது.

"கட்டுறேன்! சத்தியமா கட்டுறேன்! யாரனா கையக் குடுங்கடா!"

கை கொடுத்தவள் சசிரேகா.

தீர்மானம் நிறைவேறவில்லை என்று சிவசங்கர் எழுதினார். பாலம் நிறைவேறியது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா. பாலத்துக்கு அக்கரையில் கம்பெனி பஸ் காத்துநின்றது. மெர்சி ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கல்வெட்டுக்குத் திரை போட்டு, திரைக்குள்ளேயே கல்லின் அடிப்பாகத்தை மறைக்க ஒரு பெரிய சாமந்தி மாலையும் சாத்தியிருந்தார்கள். அது தலைவரின் சிக்கன புத்தி. புதுக் கல் எதற்கு? அவர் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கக் குப்புறப் போட்டிருந்த கல் ஒன்று எழுத்து வெட்டியபடியே இருந்ததே!

தலைவர் மோதிர விரலால் கயிற்றை இழுத்தார். திரை வந்தது. திரையோடு மாலையும் வந்தது.

அந்தோணிராஜ் உரக்கப் படித்தான்: "கூத்தன்தாங்கல் சிறுபாலம். தலைவர் வனமாமலை அவர்களால் பொங்கல் திருநாளன்று திறந்துவைக்கப்பட்டது."

பாலம் கட்டுவதற்கு முன்பே அதைத் திறந்துவைத்த தீர்க்கதரிசி, ஆவணி வெயிலில் வியர்த்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பஸ் டிரைவர்கூட இறங்கி வந்து படித்துவிட்டுப் போனார்.

"கல்லு வெட்றவன் தப்புப் பண்ணிட்டான்" என்றார் தலைவர். "டேய் திருமலை, இத்தப் பேத்துரு. வேற கல்லு போட்டுக்கலாம்."

சசிரேகா அவர் அருகில் வந்தாள். ஊர் முறைக்கு அவளுக்கு அவர் மாமா.

"வேணாம் மாமா, இருக்கட்டும். பொங்கலுக்குள்ள முடிக்கிறேன்னு சொன்னீங்க இல்ல? சொன்ன தேதிக்கு நீங்க முடிச்ச வேலை இந்தக் கல்லு ஒண்ணுதானே?"