டாக்டரின் காருக்கு ஒரு கட்டை

புவியீர்ப்பு விசையோடு தனிப்பட்ட பகை வைத்திருக்கும் மனிதர் கண்டிப் பக்கத்தில் ஒருவர்தான்: குண்டசாலைச் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டும் கட்டை அண்ணன். ஆள் ஆறடி. மேட்டில் வண்டியை நிறுத்தினால் சில்லு உருண்டுவிடாமல் அடியில் வைக்க எப்போதும் கூடவே கொண்டு திரியும் மரத்துண்டால் வந்த பெயர் அது.

கோயில் தேர் நின்றால் முதலில் சில்லைப் பார்ப்பார், பிறகுதான் சாமியை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழத்தோடு வந்தவர், குனிந்து பார்த்து முகம் மாறினார். “சார், இது சில்லு வச்ச கட்டில்!” மறுநாள் நாலு செங்கல்லோடு வந்தார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவருக்கு உயிர். ஹேவாஹெட்டப் பக்கம் மலைப்பாதையில் கார் பந்தய விழா என்று கேள்விப்பட்டதும் அன்றைய ஹயர் சவாரிகளையெல்லாம் விட்டுவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டார். வண்டியைச் சரிவில் நிறுத்திக் கட்டை வைத்துவிட்டு மேலே நடந்தோம். ஒவ்வொரு காரும் எந்த வருடத்தது என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனேன். அண்ணன் சில்லுகளை மட்டும் பார்த்தார்.

பச்சை நிற இரண்டு இருக்கைக் கார் ஒன்றின் முன் நின்றுவிட்டார். சொந்தக்காரர் கொழும்பு டாக்டர்.

“டாக்டர், இவ்வளவு பாலிஷ் போட்டிருக்கீங்க. ஒரு கட்டை வைக்கலயே?”

“ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு அண்ணன்.”

“எந்த வருஷத்துப் பிரேக்கு, சார்?” என்று என்னிடம் திரும்பினார்.

“என்னைவிட ரெண்டு வயசு மூப்பு.”

“ஒங்க முழங்கால நம்பி நீங்க இந்த மல ஏறுவீங்களா?”

டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று கீழே போய் ஒரு கட்டையோடு திரும்பினார். தார் படிந்த அந்த மரத்துண்டைப் பளபளக்கும் பின்சில்லுக்கு அடியில் செருகினார்.

“ஐயோ, பெயின்ட் போயிரும்!” என்று டாக்டர் காரில் கையை ஊன்றிக் கட்டையைக் காலால் தள்ளினார். கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. மூன்று பேர் பாய்ந்து பிடித்தோம். அண்ணன் மறுபடி கட்டையைச் செருகினார்.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணன், நான் போற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்.”

அப்போது விழாத் தொண்டர் ஒருவர் ஓடிவந்தார். “நீல த்ரீவீல் யாருடையது? ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்திருச்சு!”

நான் அண்ணனின் கையைப் பிடித்தேன். அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான்.

“ஒங்ககிட்ட இருந்தது ஒரே கட்டையா?”

“ஒன்னுதான் சார். கியர்ல போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“சொந்த வண்டிய விட்டுட்டு...”

“அது விழுந்தா நாலு பேர் தூக்கலாம். ஸ்பேர் சாமானும் சந்தியிலயே கிடைக்கும். இந்தக் காருக்கு எங்க போய்த் தேடுவாரு, பாவம்?”

சொல்லிவிட்டு ஓடினார். அவர் பின்னால் டாக்டர் ஓடினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத இரண்டு பந்தய வீரர்களும் ஓடினார்கள். கானுக்குள் இறங்கி, சேறும் சகதியுமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். முன்கண்ணாடி போய்விட்டது. அண்ணன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். முதல் தடவையே பிடித்தது. பச்சைக் காருக்குக்கூட அன்று அவ்வளவு கைதட்டு விழவில்லை.

மாலையில் டாக்டர் தேடிவந்தார். காரைத் துடைக்கும் மஞ்சள் துணியால் கட்டையைத் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

கண்ணாடியில்லாத வண்டியில், மலைக்காற்று முகத்தில் அடிக்க, குண்டசாலை வரைக்கும் வந்தோம். காலடியில் இடம் இருந்தும், கட்டையை மடியில்தான் வைத்திருந்தேன்.