நடீனுக்கு அமையாத துப்பாக்கி

விடிந்தால் வெர்லின் மொன்டானாவுக்குக் கிளம்ப வேண்டும். கூட்டாளிகளோடு மூன்று வாரம் மான் வேட்டை. இருபது வருடமாகத் தள்ளிப்போன பயணம். முழங்கால்கள் இருக்கும் லட்சணத்துக்கு இதை விட்டால் இனி இல்லை. ஆனால் பண்ணை வீட்டில் நடீன் தனியாக இருப்பாள். மனைவியின் கைக்கு ஒரு துப்பாக்கி அமையாமல் அவர் வண்டி ஏறுவதாக இல்லை.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது எல்லாக் கணவர்களின் கணக்கு. கடைக்காரர் க்ளீட் உள்ளங்கைக்குள் அடங்குவதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடைக்குப் பின்னாலிருந்த சுடும் கூடத்தில் நடீன் சுட்டாள். அது கழுதையாக உதைத்தது. தோட்டா கூரையைத் தேடிப் போனது.

கனமானது உதைக்காது என்று பெரிய பிஸ்டல் வந்தது. அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கவே அவளால் முடியவில்லை. இழுக்கும் வேலையே வேண்டாமென்று ரிவால்வர் வந்தது. அதன் விசை கல்லாக இருந்தது. அழுத்தி முடிப்பதற்குள் குறி பக்கத்து ஆள் சுடும் தடத்துக்குப் போய்விட்டது.

அங்கே சுட்டுக்கொண்டிருந்த கிழவர், தன் குறித்தாளில் புதிதாக முளைத்த ஓட்டையைப் பார்த்தார். நடீனைப் பார்த்தார்.

"பேசாம ஒரு நாய் வாங்கிக் குடுங்க," என்றார் க்ளீட்.

வெர்லின் பழைய வைத்தியத்துக்கு வந்தார். ஊருக்குப் புதிதாக வந்த நடீன், துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று சொன்ன அந்தக் கோடைக்காலம். கல்குவாரியில் காபி டின்களை அடுக்கிவைத்து, அவள் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அவள் கூந்தலில் ஆப்பிள் வாசம். சாயங்காலத்துக்குள் ஒரு டின் விழுந்தது, இலையுதிர்காலத்தில் கல்யாணம்.

இப்போதும் அப்படியே பிடித்தார். நரைத்த கூந்தலில் அதே வாசம். குண்டு தாளில் பட்டது. கையை எடுத்தார். பக்கத்துச் சுவரில் பட்டது.

"நீங்க பிடிச்சா வருது. விட்டா போயிடுது," என்றாள் நடீன், பாவமாக.

வெர்லின் பெருமூச்சோடு கூட்டாளிக்குப் போன் போட்டார். "என்னை விட்டுட்டுக் கிளம்புங்கப்பா."

நடீன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காருக்குப் போனாள். கிழவர் காதுக்கவசத்தைக் கழற்றினார்.

"தம்பி, வீட்டுக்காரிக்கு எந்த ஊரு?"

"ஹாலோ க்ரீக்."

"அதானே. எங்க ஊர்ப் போட்டியில மூணு வருஷம் என்னைத் தோக்கடிச்ச பொண்ணு, கல்யாணமானதும் சுடவே மறந்துடுச்சோன்னு பதறிட்டேன். என் தாள்ல நடுப்பொட்டைத் துளைச்சதைப் பாத்தப்புறம்தான் மனசு ஆறுச்சு."