கோழிக்கு மரியாதை, எனக்குச் சாம்பல்

கோழிக்கு வரும் அம்மை, அதை மடியில் வைத்துக் கொஞ்சியவனுக்கும் வரும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. ஜப்பான்காரன் காலம். எனக்கு இருபத்தாறு வயது. ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. முட்டாள்தனத்தை ஒழுங்காக நம்புவதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கையை என் தோலிலிருந்து உரித்தெடுத்தவர் சாம்பலண்ணன். கோழியை ‘நீங்க’ என்றும் மனிதனை ‘டேய்’ என்றும் கூப்பிட்ட ஆள், மலாயா முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குச் சில வீடுகள் தள்ளிக் குடியிருந்தார். இன்ஜின் ஷெட்டில் சாம்பல் அள்ளும் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், “அது சம்பளம் வாங்கறப்ப மட்டும்” என்பார்.

ஷெட் வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு எல்லோரும் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். அண்ணன் அவனுக்கு வளைந்தது அரைச் சாண். வைத்தியம் பார்க்கப் போன வீட்டில் கோழிக்கு வளைவதோ தரை வரைக்கும்.

“என்னம்மா, மூஞ்சி வாடியிருக்கீங்க? இந்தப் பய சரியாக் கவனிக்கிறதில்லையா?”

இந்தப் பய என்பது வீட்டுக்காரர்.

சளி பிடித்த கோழிக்குப் பூண்டும் துளசியும் இடித்து உருண்டை பிடிப்பார். ஒன்று கோழிக்கு, ஒன்று வளர்ப்பவனுக்கு. “நீ முதல்ல முழுங்குடா. அப்பத்தானே அவங்களுக்கு நம்பிக்கை வரும்?” எங்கள் வரிசையில் கோழிகள் தும்மினால் போதும், ஆண்பிள்ளைகள் வாயெல்லாம் பூண்டு மணக்கும்.

இத்தனை மரியாதையைப் பார்த்து, மனிதர் கோழி சாப்பிடாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். “நோயில சாகக் கூடாது லா. குழம்புலதான் சாகணும். அதுதான் அவங்களுக்குக் கௌரவம்” என்பது அவருடைய கொள்கை.

அப்போது என் மனைவி பாக்கியத்துக்கு எட்டாம் மாதம். அரிசி கிடைக்காமல் வேளாவேளைக்கு மரவள்ளிக்கிழங்கு. அவள் உடம்பில் ஒட்டும்படியாக இருந்த ஒரே ஆகாரம், எங்கள் செவலைக் கோழி இடும் முட்டை. அந்தச் செவலைக்குத்தான் கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொரிப்பொரியாக அம்மை போட்டது. முட்டை நின்றது. அதை மடியில் போட்டுக்கொண்டு நான் அழாத குறை. அடுத்து என் வயிற்றைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின.

“பாக்கியம், கிட்ட வராதே! எனக்கும் அம்மை! வயித்துல!”

“எட்டு மாசம் எனக்கு. வயித்துல நோவு உங்களுக்கா?”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லையில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் குடியேறினேன். கோயில் வேம்பை ஒடித்து வந்து பாயில் பரப்பினேன். அம்மை கண்ட இருவரும் ஒன்றாக இருப்பதே முறை என்று செவலையையும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். படுக்கப் படுக்கத் தடிப்பு பெருகியது. ஆத்தா முத்துப் போடுகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இனி பாக்கியம் இங்கே இருக்கக் கூடாது, கிள்ளானில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். கிடைத்தது ஒரு கிழங்கு லோரி. குண்டும் குழியுமான ரோட்டில், மூட்டைகளின் மேல், எட்டு மாத வயிறு. “நான் போகலைங்க” என்றாள். நான் கொல்லையிலிருந்தபடியே கத்தினேன். லோரி வாசலில் வந்து நின்றது. துணி மூட்டையோடு அவள் அழுதுகொண்டே படியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பலண்ணன் வந்தார். பாக்கியம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்காக அல்ல, செவலைக்காக. கையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துச் செம்பனை எண்ணெயில் குழைத்த விழுது. நேரே கொல்லைக்கு வந்து, செவலையைக் கும்பிட்டு, கொண்டையில் பதமாகத் தடவினார். பிறகு கூண்டின் இடுக்கில் விரலைவிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சட்டையைத் தூக்குடா.”

“அண்ணே, தொடாதீங்க. அம்மை!”

என் இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து உள்ளங்கையில் விட்டார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிவப்புப் புள்ளி. அது நடந்தது.

“அம்மை இப்படித்தான் நடந்து போகுமாடா?”

“என்னண்ணே அது?”

“கோழிச்செள்ளு! கூண்டு இடுக்குல இருந்ததுக்கெல்லாம் நீ பாய் விரிச்சு விருந்து வச்சிருக்கே. அவங்க அம்மை அவங்களோட. உனக்கு வந்தது வெறும் அரிப்புடா!”

வாசலைப் பார்த்து, “டேய் லோரி, நீ கிளம்பு!” என்று ஒரு குரல் கொடுத்தார். வீட்டுக்குப் போய் ஒரு கோணிச் சாம்பலோடு திரும்பினார். “ஜப்பான்காரன் வந்ததுல ஒரே ஒரு நல்லது. கரி தீர்ந்து இன்ஜினுக்கு ரப்பர் மரக் கட்டை போடறான். கரிச் சாம்பல்ல அவங்க குளிக்க மாட்டாங்க. இது விறகுச் சாம்பல்.” குழி தோண்டிக் கொட்டி, காய்ந்த வேப்பிலையை நொறுக்கிக் கலந்தார். செவலை இறங்கி, சிறகை விரித்து, ராணி மாதிரி புரண்டது.

“ம், இப்ப நீ.”

“நானா?”

“அவங்க பார்த்துட்டிருக்காங்க. இறங்கு.”

இறங்கினேன். புரண்டேன். கோவணமும் சாம்பலுமாக நான் எழுந்து நின்றபோது, பின் சந்தில் போன ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனாள். பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பிலேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

செவலையின் கொண்டையில் பொருக்கு உதிர்ந்தது. முட்டை மறுபடி வந்தது. எனக்கும் அரிப்பு நின்றது. சாம்பலின் மகிமையை ஆபீசில் நான் சொல்லாத ஆளில்லை. வெகுநாள் கழித்துத்தான் பாக்கியம் வாயைத் திறந்தாள். அன்றைக்கு அண்ணன் அவளிடம் ரகசியமாகச் சொன்னாராம்: “அவனுக்குத் துணியை அவிச்சு, வெந்நீர்ல குளிச்சாலே போதும்மா. உன்னை அழ வச்சான் பாரு, அதுக்குத்தான் சாம்பல்.”

மகள் பிறந்தது வீட்டில்தான். அண்ணன் ஷெட்டிலிருந்து நேரே வந்தார். கையில் சாம்பல் இருந்ததால் தொடவில்லை. தூளிக்கு முன்னால் தரை வரைக்கும் குனிந்து, “வாங்கம்மா” என்றார்.

மனிதர்களில் அவர் ‘நீங்க’ என்றது அவளை மட்டும்தான்.