மார்த்தாவுக்கு ஒரு ஜெபம்

கேட்ட கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்வது ஆய்வகத்தில் நல்ல பழக்கம். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஆபத்து.

குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அங்கே வந்திருந்த பிரெஞ்சு நிபுணர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பழைய அலங்கார ஜாடியை எனக்குக் கொடுத்தார். மார்த்தா என்ற கலைஞர் கையால் வனைந்தது. சாம்பல் நிறம், மூடி, மூடிமேல் கீறிய பெயர். அதைச் சங்கரன்கோவில் வீட்டு ஹாலில், இறந்துபோன தாத்தாவின் படத்துக்கும் பைபிளுக்கும் நடுவில் வைத்தேன். (சமச்சீராக இருக்கட்டுமே என்று.)

சாமுவேலை எனக்குக் கல்லூரியிலிருந்தே பிடிக்கும். அவனை வளர்த்த வாசுதேவநல்லூர் அத்தை தலையாட்டினால்தான் கல்யாணம். அவனோடு அவர் பெண் பார்க்க வந்த அன்று, வேலை, சமையல், வேதாகமம் என வரிசைப்படி பதில்களோடு உட்கார்ந்திருந்தேன். அத்தை ஜாடியைப் பார்த்தார்.

"இது யாரு பேரும்மா?"

"மார்த்தா, அத்தை. பிரான்ஸ்காரங்க."

"உங்களுக்குச் சொந்தமா?"

"ஆமா அத்தை. இப்ப எனக்குத்தான் சொந்தம்."

அத்தையின் குரல் தணிந்தது. "நம்ம பக்கம்னா மண்ணுதான்."

"இதுவும் மண்ணுதான் அத்தை. அங்கன சூளையில வச்சுச் சுடுவாங்க. இது ரெண்டு தடவை சுட்டது. முதல்ல சரியா வேகாதுல்லா."

அத்தை கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"மேல மினுங்குதே, அது?"

"சாம்பல்தான். கரைச்சுப் பூசிருவாங்க."

(என் விளக்கத்தில் இன்றும் ஒரு தொழில்நுட்பப் பிழை கிடையாது.)

அத்தை சேலையால் முக்காடிட்டு எழுந்தார். "எல்லாரும் எந்திரிங்க. தூரதேசத்துல கஷ்டப்பட்டு வீடு வந்து சேர்ந்த இந்த மகளுக்கு இளைப்பாறுதல் தாரும் ஆண்டவரே."

குஜராத்திலிருந்து வந்த என்னைத்தான் சொல்கிறார் என்று உருகிப்போனேன். ஆமென் சொன்னதில் என் குரல்தான் பெரிது.

அத்தை செருப்பை மாட்டினார். "துட்டி வீட்டுல வச்சு சம்பந்தம் பேசக் கூடாது. வாரோம்."

"துட்டியா? இங்க யாரு செத்தது?" என்று அம்மா பதறினாள்.

"பிரான்ஸ்காரிய சாம்பலா கொண்டாந்து நடுவீட்டுல வச்சிருக்கீங்க. எங்கிட்ட கேக்கீங்களா?"

அதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். (தரக்கட்டுப்பாட்டில் இதற்குப் பெயர், பிழையைப் பெரிதாக்குதல்.)

"ஆண்டவரே, அதைத் தூக்கிட்டு வாராளே" என்று அத்தை காருக்குள் பாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடியைத் திறந்து, கார் ஜன்னலுக்கு நேரே கவிழ்த்தேன். ரிமோட் பேட்டரிகள், ஊக்குகள், பாதி மெழுகுவத்தி. சாமுவேல் கார் மேலே தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அத்தை ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்ப துட்டி இல்லையா?"

"இல்ல அத்தை. ஜாடி."

காரிலிருந்து இறங்கினார். "அப்ப காபியைப் போடச் சொல்லு."

கல்யாணம் முடிந்து, ஜாடி இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அத்தை வரும்போதெல்லாம் அதன் முன் முக்காடிட்டு ஒரு நிமிடம் நிற்கிறார். அவர் போனதும் வீடே சிரிக்கும். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஜாடின்னு தெரியும்ட்டி" என்றார். "ஆனா ஒரு தடவை ஜெபம் பண்ணியாச்சுல்லா. பாதியில விடலாமா?"