லேக் கார்டன்ஸில் ஒரு வறட்சி

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை, மாலை ஐந்து பத்து. லேக் கார்டன்ஸ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் நான் முதலில் பார்த்தது, கொட்டும் மழையில் நனையாமல் நின்ற ஒரு வேப்பங்கன்றை. அதற்குக் குடை பிடித்து நனைந்துகொண்டிருந்தவரை அப்புறம்தான் பார்த்தேன். கல்கத்தாவே கோடைமழைக்குக் கைகூப்பிய நேரத்தில், அண்ணாந்து அதைத் திட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

கட்டடத்தில் அவருக்கு வறட்சி சார் என்று பெயர். கோவில்பட்டிக்காரர், மத்திய அரசின் தாவர ஆய்வு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தவர். மாடியில் இருபது தொட்டிகள் வைத்திருந்தார். ஒரு வரிசைக்குத் தினமும் தண்ணீர். மறு வரிசைக்கு முப்பது நாள் ஒரு சொட்டும் கிடையாது. அன்று தார்ப்பாய் ஒன்பது தொட்டிகளுக்குத்தான் எட்டியது. பத்தாவதற்குத்தான் குடை.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

“தண்ணி இல்லேன்னா இலை வாய மூடிக்கிடும். வெளிச்சம் மட்டும் உள்ள வந்துக்கிட்டே இருக்கும். அதுக்குப் போக்கிடம் இல்லாம, ஆக்சிஜனுக்குக் கிறுக்குப் பிடிச்சு இலையவே கடிக்கும், பாத்துக்கிடுங்க. அத அடக்க வேம்பு உள்ளயே போலீஸ் வச்சிருக்கு. தாகம் கூடுனா போலீசும் கூடும். அதத்தான் அளக்கப்போறேன்.”

ஈரப் புடவை காயப்போட வந்த பெண்களை அவர் படியிலேயே நிறுத்திப் பிழிந்துவிட்டு வரச் சொன்னார். காலையில் தொட்டி மண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிப் பனி விழுந்ததா என்று பார்த்தார். இலையை அரைக்க மீன்காரரிடம் ஐஸ் வாங்கியதால், அவருடைய சோதனைக் குழாய்களில் வேம்பைவிட ஹில்சா மீன்தான் அதிகம் மணத்தது.

முப்பது நாள் முடிந்தது. இரண்டு வரிசையிலும் போலீஸ் ஒரே அளவு. ஜூனுக்குள் வித்தியாசம் காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிட்டு, அவரைக் காய்ந்த இலைகளுக்குச் சீட்டு ஒட்டும் அறைக்கு அனுப்பிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

யாரோ காய்ந்த வரிசைக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, மறுநாள் நண்பகலில் அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். துணைக்கு என்னையும் உட்கார வைத்தார். கட்டடமே மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாள் முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறி, பித்தளைச் செம்புடன் வந்தார். காய்ந்த வரிசைக்கு மட்டும் நிதானமாக ஊற்றினார். வைசாக மாதம், அதாவது நம் சித்திரை, முழுக்கத் துளசிக்கு மேல் ஓட்டைப் பானை கட்டிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் வீடு அது. தலைக்கு மேல் பத்துக் கன்றுகள் தாகத்தோடு நின்றால் அவர் எப்படிச் சாப்பிடுவார்?

சார் வெளியே வந்து, தெரிந்த வங்க மொழியில் போலீஸ் கதை முழுவதையும் சொன்னார். மாஷிமா பொறுமையாகக் கேட்டார்.

“போலீஸ் இருக்கட்டும், பாபா. குத்தம் பண்றது யாரு?” என்றார் வங்க மொழியில், மகனைக் கேட்பதுபோல.

சார் தினமும் நனைகிற வரிசையை மாஷிமா பொறுப்பிலேயே விட்டார். மற்றதைப் புதிதாக எண்ணி இருபது நாள் தொடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். மாஷிமா வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் காய்ந்த வரிசையைத் தாண்டும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இந்தமுறை வித்தியாசம் தெளிவாக வந்தது. காய்ந்த இலைகளில் போலீஸ் பட்டாளமே இருந்தது என்று சார் குழந்தைபோலச் சொன்னார். ஆய்வு பிழைத்தது.

அலுவலகப் படிவத்தில் இன்னொரு பத்தியும் உண்டு: கன்று பட்டுப்போன நாள். அதற்கு, தண்ணீர் விடாமல் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். இருபத்தொன்றாம் நாள் விடிந்ததும், மாஷிமா ஏறி வருவதற்கு முன்பே, தண்ணீர் வாளியோடு காய்ந்த வரிசை முன் நின்றார் சார்.

படிவத்தில் அந்தப் பத்துக் கட்டங்களும் காலியாகவே போயின.